குளிர்கால டயர்

சுவாமிகளை ஜெனீவாவிலிருந்து பீலுக்கு ஏற்றிவர
என்னைத்தான் பிடித்தார்கள்.
பக்தி காரணமில்லை.
என் காரில் குளிர்கால டயர் இருந்தது.
பேரின்பநாயகத்தாரின் காரில் கோடை டயர்.
கடவுளில் அவ்வளவு நம்பிக்கை இருந்தும்
ஜனவரிப் பனியில் அதை எடுக்க அவருக்குப் பயம்.

பின்னால் ஏறியவர் முதலில் கேட்டது:
"சீட் சூடாகுமா அம்மா?"
முன் சீட் மட்டும்தான் சூடாகும் என்றேன்.
முன்னுக்கு வந்தார்.
காலடியில் கிடந்த என் வேலைச் சப்பாத்தை
குதிக்காலால் மெதுவாக ஒதுக்கினார்.
லோசான் தாண்டும்வரை போனில்
அடுத்த ஊர், அடுத்த மண்டபம், வங்கி இலக்கம்.

"உங்க ஊர் எந்தப் பக்கம்?"
"விசுவமடு."
"அழகான ஊரோ?"
வேகக் கமரா ஒன்று வந்தது.
காலை எடுத்தேன். பதில் சொல்லவில்லை.

பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
நாற்காலிக்குப் பட்டு விரித்திருந்தது.
வெங்காயம் போடாமல், உள்ளி போடாமல்
நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு
அவர் மைக்கைப் பிடித்தார்.
"போர் என்பது பழைய கணக்குத் தீர்ப்பது.
இரு தரப்பிலும் தவறு.
இரு தரப்பையும் மன்னியுங்கள், உடம்பு லேசாகும்."
பிறகு வெந்நீர் குடித்தார்.

இரு தரப்பிலும்.

பதினாறு வருடமாக என் வாய்க்குள்
புளியங்கொட்டை மாதிரி உருண்ட சொல் அது.
ஒருமுறை கணவரிடம் துப்பிப் பார்த்தேன்,
தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.
வேறெங்கும் சொன்னதில்லை. சொன்னால்
இந்தச் சனம் எனக்கு வைக்கும் பெயர் தெரியும்.

தம்பி குகதாசனுக்குப் பதினாறும் மூன்று மாதமும்.
பங்கருக்குள்ளிருந்து இழுத்துப் போனது
எங்கட பெடியள்.
அம்மா ஒற்றைச் செருப்போடு டிராக்டருக்குப் பின்னால் ஓடினா.
ஏழு கிழமை கழித்துக் கஞ்சி வரிசையில் நின்ற அம்மாவை
ஆமியின் ஷெல் எடுத்தது.
நான் இங்கே முதியோர் இல்லத்தின் சலவை அறையில்
மாதம் ஐம்பது பிராங் கட்டிக்கொண்டிருந்தேன்.
அந்த டிராக்டரின் டீசலில்
எத்தனை சொட்டு என்னுடையது?
படுக்கை விரிப்புகளின் ஆவிக்குள் நின்று
இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறேன்.
பழைய கணக்கு, சுவாமி சொன்னது போல.

இவ்வளவும் கொடுத்து நான் வாங்கிய சொல்லை
அவர் விபூதி மாதிரிக் கிள்ளி எறிந்தார்.
மண்டபம் கைதட்டியது.
பேரின்பநாயகத்தார் கண்ணைத் துடைத்தார்.
மாதாமாதம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு
என் வீட்டு மணியை அடித்தவர் அவர்தான்.

கேள்விகளை முதலே எழுதி வாங்கியிருந்தார்கள்.
செவ்வாய் தோஷம்.
சோறு சாப்பிடாத மகன்.
தியானத்தில் வரும் நித்திரை.
என் துண்டு வாசிக்கப்படவில்லை.

மறுநாள் விடிய, திரும்பிப் போகிற வழியில்,
நொயனபுர்க் ஏரி இன்னும் கறுப்பாகக் கிடக்க, கேட்டேன்:
"ஒரு தரப்பு பிடித்துக்கொண்டு போனது,
மறு தரப்பு சுட்டது.
இரண்டு தரப்பில் என் தம்பி எந்தத் தரப்பு, சுவாமி?"

செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தார்.
காலுறையின் பெருவிரலில் ஓட்டை.
வைப்பர் ஆறேழு தரம் போய்வந்தது.
"தெரியலம்மா" என்றார்.

அதை மைக்கில் சொல்லியிருக்கலாம்.
அந்த ஒன்றைச் சொல்லியிருந்தால்
நானும் எழும்பிக் கைதட்டியிருப்பேன்.
அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.
விமானநிலையத்தில் என் தலையைத் தொட வந்த கையில்
பயணப் பெட்டியின் பிடியைக் கொடுத்தேன்.

திரும்பி வருகையில் போன் அடித்தது.
பேரின்பநாயகத்தார்.
"பெற்றோல் காசு தரவேணும் பிள்ளை,
துண்டு வைச்சிருக்கிறீரோ?"

இருக்கு அண்ணை, என்றேன்.
நீங்கள் தந்த எல்லாத் துண்டும் இருக்கு.